கொலஸ்ட்ரால் கூடியிருக்கிறதா? காபியை விடுவதற்கு முன், அதைப் போடும் விதத்தைப் பாருங்கள்

எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் கூடிவிட்டது என்று ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் சொன்ன அன்றே பலர் எடுக்கும் முதல் முடிவு, நாளையிலிருந்து காபி கிடையாது என்பதுதான். ஒரு வாரம் தலைவலியோடு பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பார்கள், அப்புறம் மறுபடியும் பழைய கப், பழைய கணக்கு. இன்னொரு பக்கம், காபி இதயத்துக்கு நல்லது என்று எங்கோ படித்துவிட்டு நாளைக்கு ஆறு கப் குடிப்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு தரப்புமே காபி என்பது ஒரே பொருள் என்று நினைத்துக்கொண்டு முடிவெடுக்கிறது. கொலஸ்ட்ரால் விஷயத்தில் அப்படி ஒரே பொருள் கிடையாது. அதே கொட்டை, அதே தூள், அதே தண்ணீராக இருக்கலாம். எந்த வழியாகக் கப்புக்கு வந்து சேர்ந்தது என்பதைப் பொறுத்து ஒன்று எல்டிஎல்லைக் கிட்டத்தட்டத் தொடாது, இன்னொன்றை நிறையக் குடித்தால் பத்து சதவீதம்கூட ஏற்றிவிடும். அதனால் குடிப்பதா விடுவதா என்ற கேள்வியைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, எப்படிப் போட்டு, எதைக் கலந்து குடிப்பது என்பதை ஒப்பிட்டுப் பார்ப்போம்.

முதலில் பாலும் சர்க்கரையும் சேர்க்காத வெறும் காபியில் என்னதான் இருக்கிறது? ஒரு பெரிய கப், அதாவது 240 மி.லி. எடுத்துக்கொண்டால் சுமார் 2 கலோரி. புரதம் அரை கிராம்கூட இல்லை, சர்க்கரை இல்லை, கொழுப்பு என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. பொட்டாசியம் 115 மி.கி. அளவில் இருக்கிறது, மக்னீசியம் 7 மி.கி., ரிபோஃபிளேவின், நியாசின் என்ற பி வகை வைட்டமின்கள் கொஞ்சம், காஃபின் சுமார் 95 மி.கி. (தூளையும் திடத்தையும் பொறுத்து இது நன்றாகவே ஏறி இறங்கும்.) இவற்றோடு குளோரோஜெனிக் அமிலங்கள் என்ற தாவரச் சேர்மங்கள் ஒரு கப்பில் 70 முதல் 350 மி.கி. வரை கிடைக்கும். காபி நிறையக் குடிப்பவர்களிடம் இரண்டாம் வகை நீரிழிவு குறைவாகக் காணப்படுவதற்கு இவையும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். காஃபின் நீக்கிய காபியிலும் அதே போக்கு தெரிவதால் அந்த நன்மையைக் காஃபினின் கணக்கில் மட்டும் எழுத முடியாது.

இதில் கவனிக்க வேண்டியது, காபியில் கொலஸ்ட்ரால் சுத்தமாக இல்லை. செடியிலிருந்து வரும் எதிலும் சொல்லும்படியான கொலஸ்ட்ரால் இருக்காது. அப்படியென்றால் கொலஸ்ட்ரால் இல்லாத ஒரு பானம் ரத்தத்தில் கொலஸ்ட்ராலை எப்படி ஏற்றுகிறது? பாக்கெட்டின் பின்னால் அச்சடித்திருக்கும் ஊட்டச்சத்துப் பட்டியலை எத்தனை முறை பார்த்தாலும் இதற்குப் பதில் கிடைக்காது, ஏனென்றால் காரணமான பொருள் அந்தப் பட்டியலிலேயே வருவதில்லை.

அதன் பெயர் கஃபெஸ்டால். கூடவே கஹ்வியோல் என்று ஒரு துணை. இரண்டும் காபிக் கொட்டையின் எண்ணெயில் இருப்பவை. 1983இல் நார்வேயின் ட்ரோம்சோ நகரத்தில் 14,000க்கும் மேற்பட்ட ஆண்கள், பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு வெளிவந்தது. காபி அதிகம் குடித்தவர்களுக்குக் கொலஸ்ட்ராலும் அதிகமாக இருந்தது. ஆனால் வேறு இடங்களில் தேடியபோது சிலருக்கு அந்தத் தொடர்பு கிடைத்தது, சிலருக்குக் கிடைக்கவில்லை. குழப்பத்துக்குக் காரணம் காபியைத் தயாரிக்கும் முறைதான். அந்தக் காலத்தில் வடக்கு நார்வேயில் கொரகொரப்பான தூளைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்து, மண்டி அடியில் தங்கியதும் மேலாக ஊற்றிக் குடிக்கும் பழக்கம் பரவலாக இருந்தது. மற்ற பல இடங்களில் காகிதத்தில் வடித்துக் குடித்தார்கள்.

இதை நேரடியாகச் சோதித்தவர்கள் நெதர்லாந்து ஆய்வாளர்கள். 1991இல் வெளிவந்த அவர்களுடைய சோதனையை நான் இந்த விஷயத்தில் மிக முக்கியமானதாக நினைக்கிறேன், காரணம் அதன் எளிமை. ஒரு குழுவுக்குக் கொதிக்கவைத்த காபி, இன்னொரு குழுவுக்கு அதே கொதிக்கவைத்த காபியைக் காகித ஃபில்டரில் ஊற்றி வடித்தது, மூன்றாவது குழுவுக்குக் காபியே இல்லை. முதல் குழுவுக்கு எல்டிஎல் ஏறியது. வடித்துக் குடித்தவர்களுக்கு ஏறவில்லை. தூள் ஒன்று, கொதிநிலை ஒன்று, காஃபின் ஒன்று, நடுவில் ஒரு காகிதம் மட்டும் வித்தியாசம். 1990களில் அந்தக் காகிதத்தைத் தாண்டி வராத பொருள் கஃபெஸ்டாலும் கஹ்வியோலும்தான் என்பதும், அவற்றிலும் கஃபெஸ்டாலுக்குத்தான் வலு அதிகம் என்பதும் உறுதியானது.

அது உடம்புக்குள் செய்யும் வேலை கொஞ்சம் சுற்றி வளைத்தது. கல்லீரல் தன்னிடமுள்ள கொலஸ்ட்ராலின் ஒரு பகுதியைப் பித்த அமிலமாக மாற்றிக் குடலுக்கு அனுப்புகிறது; உடம்பிலிருந்து கொலஸ்ட்ரால் வெளியேறும் முக்கியமான வழி அதுதான். போதுமான பித்த அமிலம் இருக்கிறதா என்று குடலிலும் கல்லீரலிலும் இருக்கும் சில உணர்விகள் பார்த்துக்கொண்டே இருக்கும். கஃபெஸ்டால் அந்த உணர்விகளைத் தூண்டிவிட, போதும் போதும் என்ற செய்தி கல்லீரலுக்குப் போய்விடுகிறது. பித்த அமில உற்பத்தி குறைகிறது, வெளியேற வேண்டிய கொலஸ்ட்ரால் தங்குகிறது, தங்கியதால் ரத்தத்திலிருந்து எல்டிஎல்லை உள்ளே இழுத்துக்கொள்ளும் வேகமும் குறைகிறது. எலிகளிடம் இந்த வழியைக் காட்டிய ஆய்வு 2007இல் அமெரிக்காவின் பேய்லர் மருத்துவக் கல்லூரியிலிருந்து வந்தது. மனிதர்களிடம் கிடைத்த அளவுக் கணக்கோ இன்னும் எளிது: நாளொன்றுக்கு 10 மி.கி. கஃபெஸ்டால் நான்கு வாரம் உள்ளே போனால் மொத்தக் கொலஸ்ட்ரால் டெசிலிட்டருக்கு சுமார் 5 மி.கி. ஏறும். இவ்வளவு சிறிய அளவில் இவ்வளவு ஏற்றும் பொருள் நம் உணவில் வேறு எதுவும் தெரியவில்லை என்று சொல்லும் அளவுக்கு வலுவானது இது.

சரி, இப்போது ஒவ்வொரு முறையாகப் பார்ப்போம்.

காகித ஃபில்டர் காபிதான் இந்தப் போட்டியில் தெளிவாக முன்னால் நிற்கிறது. கஃபெஸ்டால், கஹ்வியோல் இரண்டும் சேர்த்து ஒரு கப்பில் 0.2 முதல் 0.6 மி.கி. அளவுதான் வரும். கஃபெஸ்டால் தண்ணீரில் கரைவதில்லை. எண்ணெய்த் துளிகளிலும், கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய தூளிலும் ஒட்டிக்கொண்டு பயணம் செய்கிறது. காகிதம் அந்த இரண்டையும் பிடித்து வைத்துவிடுகிறது. நமக்கு வேண்டிய பொட்டாசியம், மக்னீசியம், குளோரோஜெனிக் அமிலங்கள், காஃபின் எல்லாம் தண்ணீரில் கரைந்தவை என்பதால் தடையில்லாமல் கீழே இறங்கிவிடும். வேண்டியது வருகிறது, வேண்டாதது தங்குகிறது. சாப்பாட்டு விஷயத்தில் இவ்வளவு சுத்தமான பிரிப்பு அபூர்வம். காகித ஃபில்டருக்கு 1908இல் காப்புரிமை வாங்கிய ஜெர்மனியின் மெலிட்டா பென்ட்ஸ், கசப்பையும் மண்டியையும் ஒழிக்கத்தான் மகனுடைய நோட்டிலிருந்த மை ஒற்றும் தாளை எடுத்து வடித்துப் பார்த்தார். ரத்தக் கொலஸ்ட்ரால் அந்தக் காலத்தில் யாருடைய கவலையாகவும் இருக்கவில்லை.

இன்ஸ்டன்ட் காபியும் அதே வரிசையில்தான். தொழிற்சாலையில் சாறு எடுத்து உலர்த்தும்போதே எண்ணெயின் பெரும்பகுதி சக்கையோடு போய்விடுவதால் ஒரு கப்பில் இருப்பது அற்பம். சுவைக்காக இன்ஸ்டன்டை மட்டமாகப் பேசுகிறவர்கள் உண்டு, அது அவரவர் நாக்கு. எல்டிஎல்லை மட்டும் வைத்துப் பார்த்தால் அது பாதுகாப்பானது. ஒன்று மட்டும் கவனம்: பாலும் சர்க்கரையும் ஏற்கெனவே கலந்து வரும் பாக்கெட்டுகள் வேறு ஜாதி, அதைப் பிறகு சொல்கிறேன்.

எதிர்முனையில் நிற்பவை மூன்று. தூளைக் கொதிக்கவைத்து அப்படியே ஊற்றும் காபி, மாவு போன்ற தூளைக் கப்பிலேயே தங்கவிடும் துருக்கிக் காபி, உலோகச் சல்லடையை மேலிருந்து அழுத்தும் பிரெஞ்சு பிரஸ். இவற்றில் ஒரு கப்பில் அந்த இரண்டு பொருள்களும் சேர்ந்து 6 முதல் 12 மி.கி. வரை இருக்கும். பிரெஞ்சு பிரஸ்ஸில் சல்லடை இருக்கிறதே என்று கேட்கலாம். அந்தச் சல்லடை தூளைத் தடுக்கும், எண்ணெயைத் தடுக்காது. நாளைக்கு ஐந்தாறு கப் பிரெஞ்சு பிரஸ் காபியை 24 வாரம் குடித்தவர்களை நெதர்லாந்தில் சோதித்தபோது எல்டிஎல் 9 முதல் 14 சதவீதம் வரை கூடியிருந்தது. 1996இல் வெளிவந்த முடிவு அது. 130 இருந்தவருக்கு அது 142, 148 என்று ஆகும் அளவு. மாத்திரை தொடங்கலாமா வேண்டாமா என்ற கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் ஒருவருக்கு அந்தப் பதினைந்து புள்ளி பெரிய விஷயம். அந்த ஆய்வில் கல்லீரல் என்சைம் ஒன்றும் சற்று ஏறியிருந்தது. ஆறுதலான செய்தி, நிறுத்தினால் சில வாரங்களில் இந்த எண்கள் பழைய இடத்துக்குத் திரும்பிவிடுகின்றன.

எஸ்பிரெசோதான் நடுவில் நின்று எல்லோரையும் குழப்புகிறது. அதிக அழுத்தத்தில் இறங்குவதால் எண்ணெயும் கூடவே வருகிறது, மேலே நிற்கும் அந்தப் பழுப்பு நுரையே அதற்குச் சாட்சி. மில்லிலிட்டர் கணக்கில் பார்த்தால் கஃபெஸ்டால் கணிசமாகவே இருக்கும். ஆனால் கப் சின்னது, அதனால் ஒரு கப்பில் சேரும் அளவு 4 மி.கி.க்குப் பக்கத்தில் நிற்கிறது. 2022இல் வெளிவந்த ட்ரோம்சோவின் பிந்தைய ஆய்வில், நாற்பது வயதைக் கடந்த 21,000க்கும் மேற்பட்டவர்களைப் பார்த்தார்கள். நாளைக்கு 3 முதல் 5 எஸ்பிரெசோ குடித்த ஆண்களுக்கு மொத்தக் கொலஸ்ட்ரால் சுமார் 6 மி.கி. கூடுதலாகவும், பெண்களுக்கு 3 மி.கி. சொச்சம் கூடுதலாகவும் இருந்தது. கொதிக்கவைத்ததையோ பிரெஞ்சு பிரஸ் காபியையோ ஆறு கப்புக்கு மேல் குடித்தவர்களிடம் வித்தியாசம் 9 முதல் 12 மி.கி. வரை போனது. ஆக, நாளைக்கு ஒன்றிரண்டு எஸ்பிரெசோ குடிப்பவர் கவலைப்பட வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஐந்து, ஆறு என்று போகிறவரும், எஸ்பிரெசோ ஷாட் இரண்டை ஊற்றிச் செய்யும் பெரிய கப் பானங்களை நாளைக்கு மூன்று முறை வாங்குகிறவரும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். பால் சேர்த்து அளவு பெருத்துவிட்டால் உள்ளே இருக்கும் ஷாட்டுகளின் எண்ணிக்கை மறந்துபோகிறது.

அடுப்பில் வைக்கும் மோக்கா பாட், உலோகத் துளைகள் வழியாகச் சொட்டும் ஃபில்டர் இரண்டையும் நான் நடுவில் வைப்பேன். உலோகம் எண்ணெயைக் காகிதம் போலப் பிடிக்காது. துணி ஃபில்டர் நன்றாகவே பிடிக்கும். அலுவலகங்களில் பொத்தானை அழுத்தினால் காபி ஊற்றும் இயந்திரங்களைப் பற்றி ஒரு வார்த்தை: ஸ்வீடனில் அப்படிப்பட்ட 14 இயந்திரங்களின் காபியைப் பரிசோதித்து 2025இல் வெளியிட்டார்கள், உலோக ஃபில்டர் வைத்த இயந்திரங்களின் காபியில் கஃபெஸ்டால் காகித ஃபில்டர் காபியைவிடப் பல மடங்கு இருந்தது. வீட்டில் காகிதத்தில் வடித்துக் குடித்துவிட்டு, வேலை நாளில் நான்கு கப் அந்த இயந்திரத்தில் பிடித்துக் குடிக்கிறவர் தன் எல்டிஎல் ஏன் இறங்கவில்லை என்று யோசிக்கும்போது இதையும் யோசிக்கலாம். உள்ளே இன்ஸ்டன்ட் பொடியைக் கரைத்துக் கொடுக்கும் இயந்திரம் என்றால் இந்தப் பிரச்சினை இல்லை.

உங்களுக்குப் பிடித்த முறையை விட மனமில்லையா? போட்டு முடித்த காபியை அல்லது டிகாக்‌ஷனைக் கடைசியாக ஒரு காகித ஃபில்டரில் ஊற்றி வடித்துவிடுங்கள். அந்த நெதர்லாந்து சோதனையில் செய்ததும் இதைத்தான். காபியின் கனம் கொஞ்சம் குறைந்தது போல நாக்குக்குத் தோன்றும், எண்ணெய்தான் அந்தக் கனத்தைக் கொடுக்கிறது. அதையும் செய்ய முடியாவிட்டால், அடியில் தங்கும் மண்டியையாவது குடிக்காமல் விட்டுவிடுங்கள். அரபிகாவா ரோபஸ்டாவா, இளவறுப்பா கருவறுப்பா என்ற ஆராய்ச்சியில் இதற்காக நேரம் செலவிட வேண்டாம். ரோபஸ்டாவில் எண்ணெய் குறைவு, காஃபின் ஏறக்குறைய இரட்டிப்பு, அவ்வளவே. காகிதம் செய்யும் வேலைக்குப் பக்கத்தில் இந்த வித்தியாசம் நிற்காது. காஃபின் நீக்கிய காபிக்கு மாறுவதும் கொலஸ்ட்ராலுக்கான தீர்வு ஆகாது, ஏனென்றால் ஏற்றுவது காஃபின் இல்லை. தூக்கம் கெடுகிறது, நெஞ்சு படபடக்கிறது என்றால் மாறுங்கள், அது வேறு நல்ல காரணம்.

அடுத்தது கப்புக்குள் நாம் சேர்ப்பவை. பாலும் சர்க்கரையும் தாராளமாகக் கலந்து குடிப்பவர்களுக்கு, கஃபெஸ்டாலைவிட இந்தப் பக்கம்தான் பெரிய கணக்கு என்று நான் நினைக்கிறேன்.

கொழுப்பு நீக்காத பால் 100 மி.லி.யில் சுமார் 3.3 கிராம் கொழுப்பு, அதில் 2 கிராம் நிறைகொழுப்பு (சாச்சுரேட்டட் ஃபேட்). எல்டிஎல்லை ஏற்றுவதில் உணவிலிருக்கும் கொலஸ்ட்ராலைவிட நிறைகொழுப்புக்குத்தான் பங்கு அதிகம். கப்புக்கு 100 மி.லி. என்று நாளைக்கு நான்கு கப் என்றால் 8 கிராம். நாளைக்கு 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு சுமார் 22 கிராம், அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காபியிலேயே முடிந்துவிடுகிறது. அதே பாலில் புரதமும் கால்சியமும் இருக்கின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும். வெறும் காபியில் இல்லாத சத்தை கப்புக்குக் கொண்டுவருவதே பால்தான். அதனால் பாலை விடச் சொல்ல மாட்டேன். கொழுப்பு நீக்கிய பாலுக்கு மாறினால் புரதமும் கால்சியமும் அப்படியே இருக்க, நிறைகொழுப்பு கிட்டத்தட்டப் பூஜ்யம் ஆகிவிடும். அந்த மாற்றம் நாக்குக்குப் பிடிக்காவிட்டால் பாலின் அளவைப் பாதியாக்குங்கள்.

சோயா பாலும் ஓட்ஸ் பாலும் நிறைகொழுப்பு குறைந்தவை. ஓட்ஸில் உள்ள பீட்டா குளுக்கான் என்ற நார்ச்சத்து எல்டிஎல்லைக் குறைக்கும் என்பது உண்மை, ஆனால் அதற்கு நாளைக்கு 3 கிராம் வேண்டும். காபியில் ஊற்றும் இரண்டு மூன்று கரண்டியில் அது வராது. ஆகவே சுவைக்காக எடுங்கள், மருந்தாக நினைக்க வேண்டாம். தேங்காய்ப் பால் தாவரப் பால்தானே என்று ஊற்றுபவர்கள் அதில் உள்ள கொழுப்பின் பெரும்பகுதி நிறைகொழுப்பு என்பதை மறந்துவிடக் கூடாது. காபியை வெண்மையாக்கும் பொடிகளும் அப்படித்தான். பலவற்றில் தேங்காய் எண்ணெயோ பனங்கொட்டை எண்ணெயோ ஹைட்ரஜன் ஏற்றிய கொழுப்போ இருக்கும். லேபிளில் 'பகுதி ஹைட்ரஜனேற்றப்பட்ட' என்ற சொல் கண்ணில் பட்டால் அந்தப் பொடியைத் திரும்ப வைத்துவிடுங்கள், அது டிரான்ஸ் கொழுப்பு. எல்டிஎல்லை ஏற்றுவதோடு நல்ல கொலஸ்ட்ராலான எச்டிஎல்லையும் இறக்கும்.

சர்க்கரை நேரடியாக எல்டிஎல் கணக்கில் பெரிதாக வராது, ரத்தத்தில் இருக்கும் இன்னொரு கொழுப்பான டிரைகிளிசரைடில் வரும். ஒரு டீஸ்பூன் 4 கிராம். கப்புக்கு இரண்டு ஸ்பூன், நான்கு கப் என்றால் 32 கிராம். உலக சுகாதார நிறுவனம் முடிந்தால் நாளைக்கு 25 கிராமுக்குள் வைத்துக்கொள்ளச் சொல்லும் அளவை காபி மட்டுமே தாண்டிவிட்டது. தேனோ பழுப்புச் சர்க்கரையோ மாற்றிப் போட்டாலும் இந்தக் கணக்கு மாறாது. காபி, பால், சர்க்கரை மூன்றும் கலந்து வரும் பாக்கெட்டுகளை எடுத்துப் பார்த்தால், பெரும்பாலானவற்றில் சர்க்கரையும் கொழுப்புப் பொடியும்தான் முக்கால்வாசி எடையைப் பிடித்திருக்கும், காபி கொஞ்சம்தான்.

வெண்ணெய் காபியைப் பற்றித் தயக்கமே இல்லாமல் சொல்கிறேன், எல்டிஎல் கூடியிருப்பவர் அதைத் தொட வேண்டாம். ஒரு மேசைக்கரண்டி வெண்ணெயில் 7 கிராம் நிறைகொழுப்பு இருக்கிறது, அதோடு தேங்காய் எண்ணெயும் சேர்த்து, பிரெஞ்சு பிரஸ்ஸில் போட்ட காபியில் அடித்துக் குடித்தால் கொலஸ்ட்ராலை ஏற்றும் காரணங்கள் எல்லாவற்றையும் ஒரே கப்பில் கூட்டி வைத்த மாதிரி ஆகிவிடும். எடை குறைந்தது என்று சொல்பவர்களும் ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்துவிட்டு அப்புறம் தொடர்வதா என்று முடிவு செய்யட்டும்.

யார் எதைத் தேர்ந்தெடுப்பது? எல்டிஎல் சரியாக இருந்து, நாளைக்கு ஒன்றிரண்டு கப் குடிப்பவர் என்றால் எந்த முறையிலும் குடிக்கலாம், மனதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். எல்டிஎல் கூடியிருந்து, வடிக்காத காபியை நாளைக்கு மூன்று நான்கு கப் குடிப்பவருக்குத்தான் இந்தக் கட்டுரையின் முழுப் பயனும். அவர் ஒரு கப்பைக்கூடக் குறைக்காமல் காகிதத்துக்கு மாறினாலே எண்ணில் வித்தியாசம் தெரிய வாய்ப்பிருக்கிறது. ஏற்கெனவே காகிதத்தில் வடித்தோ இன்ஸ்டன்டாகவோ குடிப்பவர் காபியைச் சந்தேகப்படுவதை விட்டுவிட்டுப் பாலையும் கூடவே சாப்பிடும் பிஸ்கட்டையும் பார்க்கட்டும். நார்வேயில் 5 லட்சத்துக்கும் அதிகமானவர்களைச் சராசரியாக 20 ஆண்டுகள் தொடர்ந்து, 2020இல் வெளியிட்ட ஆய்வில், வடித்த காபியை நாளைக்கு 1 முதல் 4 கப் குடித்தவர்களின் இறப்பு விகிதம்தான் மிகக் குறைவாக இருந்தது, காபியே குடிக்காதவர்களைவிடவும். இது ஒரு தொடர்பைக் காட்டுகிறதே தவிர, காபிதான் காப்பாற்றியது என்று நிரூபிக்கவில்லை. இருந்தாலும் வடித்த காபியைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை என்று சொல்ல இது போதும்.

மாரடைப்பு வந்தவர்கள், பரம்பரையாகவே கொலஸ்ட்ரால் மிக அதிகமாக உள்ள குடும்பத்தினர், கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எல்லோரும் காகிதத்துக்கு மாறுவது நல்லது, ஆனால் மாத்திரைக்குப் பதிலாக அல்ல. 70க்குக் கீழே இறக்க வேண்டிய எல்டிஎல்லை ஃபில்டர் காகிதம் இறக்காது. அளவைப் பொறுத்தவரை ஆரோக்கியமான பெரியவர்களுக்கு நாளைக்கு 400 மி.கி. காஃபின் வரை, கர்ப்பிணிகளுக்கு 200 மி.கி. வரை என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2015இல் சொன்ன வரம்பு. தைராய்டு மாத்திரையோடு சேர்த்துக் காபி குடித்தால் மருந்து உடம்பில் சேர்வது குறையும், சாப்பாட்டோடு குடித்தால் இரும்புச்சத்து சேர்வது குறையும், இரண்டுக்கும் இடைவெளி விடுங்கள்.

மாறிய பிறகு அடுத்த வாரமே பரிசோதனைக்கு ஓட வேண்டாம். இரண்டு மூன்று மாதம் அதே முறையில் தொடர்ந்து குடித்துவிட்டு, நடுவில் உணவையோ மருந்தையோ பெரிதாக மாற்றாமல் எடுத்துப் பார்த்தால்தான் காபியால் வந்த வித்தியாசம் எவ்வளவு என்பது தெரியும். வெறும் வயிற்றில் எடுக்கச் சொல்லியிருந்தால் அன்று காலை கறுப்புக் காபியும் கூடாது, தண்ணீர் மட்டும்தான்.